துயருடன், எல்வீரா குடும்பத்தினர்

மார்ச் 2, ஞாயிறு

தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாதீர்கள், மனதில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள் என்றார் டாக்டர். மனதில் இருப்பதை அப்படியே எழுதினால் கரூரில் பாதிப் பேர் என்மேல் மானநஷ்ட வழக்குப் போடுவார்கள். மீதிப் பாதி சொந்தக்காரர்கள். அவர்கள் வழக்குப் போட மாட்டார்கள், பேசாமல் இருந்துவிடுவார்கள். இரண்டுக்கும் நான் தயார்.

இரவில் விளக்கைப் போட்டு எழுதினால் சுலோச்சனாவுக்குக் கண் கூசுகிறதாம். ஆகவே பகலில் எழுதுகிறேன். அ. நல்லசிவம், எம்.ஏ., எம்.ஃபில். டெல்லியில் ஸ்பானிஷ் இலக்கியம் படித்தவன். துண்டும் படுக்கைவிரிப்பும் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில், "அன்புள்ள ஐயா, தாங்கள் கேட்ட இளநீலத் துண்டுகள் கப்பலில் ஏறிவிட்டன" என்று ஸ்பானிஷில் கடிதம் எழுதுகிறவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்து, என் குறிப்புகளைப் பார்த்துத் தேறிய அறவாழி இன்று முனைவர் அறவாழி. கல்லூரியில் துறைத்தலைவர். இந்த ஊரில் எந்த இலக்கியக் கூட்டம் நடந்தாலும் நடு நாற்காலி அவனுக்கு.

இவ்வளவு போதும். எழுதியதில் இதயம் படபடக்கிறது. டாக்டர் மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்னவோ.

மார்ச் 4, செவ்வாய்

எல்வீராவைப் பற்றி எழுதுகிறேன். அது ஒன்றுதான் நல்ல செய்தி.

போன வருடம் நிறம் சரியில்லை என்று ஹூஸ்டனிலிருந்து மாதிரித் துண்டுகள் திரும்பி வந்தன. பெட்டிக்குள், துண்டுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய புத்தகம். அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் ரோசா என்ற பெண் வைத்தது. "நீங்கள் எழுதும் கடிதங்கள் மிக அழகான ஸ்பானிஷில் இருக்கின்றன, இது என் பெரியத்தை எழுதிய கவிதைகள்" என்று ஒரு சீட்டு. இந்த ஊரில் யாரும் சொல்லாததை ஹூஸ்டனில் ஒரு பெண் சொல்லிவிட்டாள்.

எல்வீரா சொலோர்சானோ குவாத்தமாலாவில் பிறந்து டெக்சாஸில் வாழ்கிறவர். எழுபது வயதைத் தாண்டியவர். புத்தகம் முழுவதும் இரவு, தூக்கமின்மை, சாவு. ஒரு கவிதையில்கூட விடியவில்லை. படித்து முடித்தபோது எனக்கு அப்படியோர் ஆனந்தம்! உலகத்தின் மறுகோடியில் என்னைப் போலவே ஒருத்தி கடுகடுவென்று விழித்துக்கொண்டிருக்கிறாள். உடனே மொழிபெயர்க்கத் தொடங்கினேன். இந்த மாதம் புத்தகமாக வருகிறது. ஒன்று பாருங்கள்:

தூக்கம் எனக்குச் சொந்தக்காரன்.
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன்.
அவனுக்காக வாசல் விளக்கை எரியவிட்டேன்.
அந்த வெளிச்சத்தைப் பார்த்து
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று
சாவு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.
காப்பி கேட்கிறது.

சுலோச்சனாவிடம் வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"சொந்தக்காரங்க வரலீன்னா நாமதான் ஒரெட்டுப் போயிப் பாக்கோணும்" என்றாள்.

இவளுக்குக் கவிதை புரியாது.

மார்ச் 6, வியாழன்

சுலோச்சனா எதைச் சொன்னாலும் கடைசியில் பொன்மணியில் கொண்டுவந்து முடிப்பாள். பொன்மணி என் தங்கை. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணத்தை எழுதினால் சின்ன விஷயம் போலத் தெரியும். சின்ன விஷயம் இல்லை. அவள் மகள் தாரணியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் "அ. நல்லசிவம், எம்.ஏ." என்று அச்சடித்திருந்தார்கள். எம்.ஃபிலைக் காணோம். அதே பத்திரிகையில் மாப்பிள்ளையின் சித்தப்பா மகனுக்கு பி.காம். இருந்தது. அதற்குப் பக்கத்தில் தட்டச்சு உயர்நிலையும் இருந்தது. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறியது. ஏறட்டும்.

அலுவலகத்துக்கு இப்போதெல்லாம் ரயில்வே கேட் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறேன். அந்த வழியில் காற்று நன்றாக இருக்கும். பொன்மணியின் வீடு அந்தத் தெருவில் இருப்பது தற்செயல். வாசல் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கொடியில் குழந்தைத் துணி காய்கிறது. பிரசவத்துக்கு வந்த தாரணி இன்னும் போகவில்லை போலிருக்கிறது. நேற்று மஞ்சள் சட்டை, இன்று கோழிக்குஞ்சு படம் போட்ட சட்டை. எனக்கென்ன.

மார்ச் 9, ஞாயிறு

அதிர்ச்சி. எல்வீராவிடமிருந்து முதல்முறையாக ஒரு குரல்பதிவு வந்தது. இதுவரை ரோசா வழியாகத்தான் கடிதம். கல்லறைக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு குரலை எதிர்பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

சிரிக்கிறார்! தொடக்கத்திலிருந்து கடைசி வரை சிரிப்பு. நடுவில் ஒரு கிளி கத்துகிறது. ஏதோ பொரிகிற சத்தம்.

"நல்லசிவம்! உங்கள் பெயரை என் கிளிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். 'நல்லா' வரைக்கும் சொல்கிறது, மீதிக்கு இருமுகிறது. நீங்கள் எனக்கு அனுதாபக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எதற்கு? நான் தூங்காதவள், ஐயா, துக்கக்காரி இல்லை. ராத்திரி முழுக்க சாவோடு சீட்டாடுகிறேன். அது கள்ள ஆட்டம் ஆடும். நான் அதைவிடக் கள்ளி."

அதோடு விட்டாரா? புத்தகத்தின் தலைப்புக் கவிதையை மூன்றே வரியில் செதுக்கி வைத்திருந்தேன்:

விளக்கை அணைக்காதீர்கள்.
நான் இன்னும் தூங்கவில்லை,
இறந்துதான் போயிருக்கிறேன்.

நான் தமிழில் வாசித்து அனுப்பிய பதிவை ரோசா அவரிடம் போட்டுக் காட்டினாளாம். "பாதிரியார் பிரசங்கம் செய்வதுபோல் இருக்கிறதே" என்கிறார். "முதல் வரி கோயில் குரல் இல்லை, சமையலறைக் குரல். வீட்டுக்கு ஒருவர் வந்து சேரவில்லை, மற்றவர்கள் விளக்கை அணைக்கப் போகிறார்கள், அப்போது ஒரு பெண் போடுகிற அதட்டல்."

கவிஞர்களுக்குத் தங்கள் கவிதை புரிவதில்லை. மாற்ற மாட்டேன்.

ஆனாலும் அந்தப் பதிவை நான்கைந்து முறை கேட்டுவிட்டேன். கிளிக்காக.

மார்ச் 14, வெள்ளி

இருபத்து மூன்றாம் தேதி நூல் வெளியீடு. நூலகத்துக் கூடத்தைக் கேட்டிருந்தேன். இன்று போனால், அன்றைக்கு முனைவர் அறவாழியின் பாராட்டுக் கூட்டமாம். எதற்குப் பாராட்டு என்று கேட்டேன். போன மாதம் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் நன்றாகப் பேசியதற்காம்.

"நம்ம வூட்டு வாசல்லயே வெச்சுக்கலாமுங்க" என்றாள் சுலோச்சனா. "சாமியானா போட்டு நாலு சேர் போட்டா ஆச்சு. கேசரிக்குச் சொல்லீர்றேன்."

"எத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கிறாய்?"

"கேசரி இருக்குதுன்னு தெரிஞ்சா வருவாங்க. பொன்மணிக்கு ஒரு வார்த்தை..."

நான் செய்தித்தாளைச் சத்தமாகத் திருப்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

பிளக்ஸ் வேலை முடிந்தது. ரவுண்டானா அருகே புதிதாகக் கடை போட்டிருக்கும் குப்புராசு என்பவரிடம் போனிலேயே பேசி, வாசகத்தையும் என் படத்தையும் வாட்சப்பில் அனுப்பிவிட்டேன். முகம் தெரியாத ஆள். ஆனால் இந்த ஊரில் இத்தனை பண்போடு ஒருவர் என்னிடம் பேசி நெடுநாளாயிற்று. தொண்டை கட்டியிருந்ததால் நான் சுருக்கமாகத்தான் பேசினேன்.

"போட்டோ வந்துதுங் சார். சிரிக்கறாப்பல வேற எதாச்சும் இருக்குதுங்களா?"

"சிரிக்கிற படம் கிடையாது. பின்னணி கறுப்பாக இருக்கட்டும். பூ, மயில், தலைவர் படம், எதுவும் கூடாது."

"புரீதுங் சார். எத்தன வயசுங்?"

"ஐம்பத்து நான்கு."

"அடடா. சின்ன வயசு."

"ஆமாம். இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம். இந்த ஊர் விடவில்லை."

"ஊரு எப்பவுமே அப்பிடித்தானுங் சார். இருக்கறப்பத் தெரியாது." போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. "கவித ரொம்ப உருக்கமா இருக்குதுங். ஆரு எழுதுனது?"

"எல்வீரா சொலோர்சானோ. கீழே அந்தப் பெயர் கட்டாயம் வர வேண்டும்."

"வேண்டியவங்களா?"

"எனக்கு இந்த உலகத்தில் அவரைவிட வேண்டியவர் யாரும் இல்லை."

"சரிங்... பேர மொட்டையாப் போட்டா நல்லா இருக்காதுங்களே?"

"எது வழக்கமோ அப்படிப் போடுங்கள்."

"விழா, கிழான்னு எதும் போடலீங்களே, எப்பிடிச் சொல்றது, இந்தக் காலத்துல சில பேரு கொண்டாட்டமா..."

"விழா என்ற சொல்லே கூடாது. தேதி, நேரம், எங்கள் வீட்டு முகவரி. போதும். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்."

"புரூஃப் அனுப்பட்டுங்களா?"

"என் வாசகத்தில் பிழை இருக்காது. பார்க்கத் தேவையில்லை."

"ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ள ரவுண்டானாலயும் உங்க தெரு முக்குலயும் கட்டீர்றனுங். மனசத் தேத்திக்குங்க சார்."

நல்ல மனிதர். இலக்கியத்தால் மனம் நெகிழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மார்ச் 22, சனி

சாமியானா வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாய் விஷயமாகப் பேச்சு கிடையாது, அதனால் என்னவென்று கேட்கவில்லை.

நாலு நாளாகக் கண்ணே மூடவில்லை. நாளை பேசுவதற்குத் தயாரித்த உரையில் அறவாழியைப் பற்றிய பகுதி மட்டும் எட்டுப் பக்கம் வந்துவிட்டது. எல்வீராவுக்கு இரண்டு பக்கம். சுலோச்சனா என் போனைப் பிடுங்கி அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

இதை மாலையில் எழுதுகிறேன். சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

காலையில் குளித்து, புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு. சுலோச்சனா கேசரி வாங்க ஆறு மணிக்கே பின்தெரு வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சட்டை கசங்காமல் கொஞ்சம் முதுகை நீட்டலாம் என்று கூடத்து மரபெஞ்சில் மல்லாந்து படுத்துக் கைகளை மார்பில் கோத்துக்கொண்டேன். தூங்கிவிட்டேன். மூன்று வருடத்தில் இல்லாத தூக்கம். கிணற்றில் கல் விழுந்ததுபோல் விழுந்தேன்.

கழுத்தில் ஏதோ குளிர்ந்தது. சம்பங்கி வாசனை. இமையை நூலளவு திறந்தேன். முனைவர் அறவாழி கைகூப்பி நின்றுகொண்டிருந்தான். என் மார்பில் அவன் போட்ட மாலை.

வெளியீட்டுக்கு வந்திருக்கிறான், தூங்குகிறவனுக்குக் கூட மாலை போடுகிற அளவுக்கு முந்திரிக்கொட்டை என்று நினைத்து எழப் பார்த்தேன். அப்போது அவன் பக்கத்தில் நின்றவரிடம் தழுதழுத்த குரலில் சொன்னான்:

"எங்க செட்டுலயே ஸ்பானிஷ்ல இவன்தானுங்க பெரிய ஆளு. நானெல்லாம் இவன் நோட்ஸப் பாத்துப் பாஸ் பண்ணவன்."

இந்த வாக்கியத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்! குறுக்கிட மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இன்னும் ஏதாவது சொல்வான் என்று கிடந்தேன்.

வெளியே பேச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனது. அதிலிருந்து ஒவ்வொன்றாக விளங்கியது. ரவுண்டானாவில் என் படம். கறுப்புப் பின்னணி. மேலே "கண்ணீர் அஞ்சலி". இரண்டு மூலையிலும் நீர் சொட்டும் கண்கள். நடுவில் அந்த மூன்று வரி. கீழே, "துயருடன், எல்வீரா சொலோர்சானோ குடும்பத்தினர்".

"கவிதயப் பாத்தீங்களா? இறந்துதான் போயிருக்கறேன்னு அவரே சொல்றாப்பல. படிச்சதும் வண்டிய ஓரங்கட்டி நிறுத்தீட்டனுங்க."

"அதாரு எல்வீரா?"

"தனியா ஒரு குடும்பமே இருந்திருக்குதாட்ட இருக்குது. மனுசன் வெளிய காட்டிக்கல பாருங்க."

"மொகத்தப் பாருங்க, எத்தன தெளிவு. உசுரோட இருக்கறப்பக்கூட இப்பிடி இருந்ததில்ல."

எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் கல்யாணத்துக்கு வராமல் இருக்கலாம். சாவுக்கு வந்தே ஆக வேண்டும். அதற்கு மட்டும் எந்தச் சண்டையும் குறுக்கே நிற்கக் கூடாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒவ்வொருவரும் வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர்க்குழாய் எதிர்வீட்டுக்காரர் மாலை போட்டார். எனக்குச் சம்பள உயர்வு தராத மேனேஜர் மாலை போட்டார். என் மூன்று கட்டுரைகளைத் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர் மாலை போட்டுவிட்டு, "நல்லா எழுதுவாருங்க" என்றார். படுத்துக்கொண்டே ஒரு சாம்ராஜ்யத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க எனக்கென்ன பைத்தியமா?

அப்போதுதான் அந்தக் கட்டைக்குரல் கேட்டது. பழனிவேலு. பொன்மணியின் கணவர். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். எங்கே போனாலும் வேலையைக் கையில் எடுத்துக்கொள்கிற ஆள்.

"ஏம்ப்பா, ஐஸ் பொட்டிக்குச் சொல்லியாச்சா? வெய்யக்காலம், தாங்காது. கால் கட்டலயா இன்னும்? ஒரு வெள்ளத்துணி கிழிச்சுட்டு வாங்க."

துணி வந்ததும் என் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். எனக்குப் பிறவியிலிருந்தே உள்ளங்காலில் கூச்சம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மச்சான் பாதம் இன்னும் சூடா இருக்குது" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. "பொன்மணி கதறீட்டு வாரா. கொஞ்சம் வழி வுடுங்க."

தெருமுனையிலிருந்தே அவள் குரல் கேட்டது.

"என்ற அண்ணா... என்னய வுட்டுட்டுப் போயிட்டயா... ஒரே ஊருக்குள்ள இருந்துக்கிட்டு மூணு வருசமா மொகங்குடுக்காமப் போயிட்டயே..."

என் தலைமாட்டில் வந்து விழுந்தாள். பெஞ்சு ஆடியது.

"ஆரோ எல்வீராளாம், அவளுக்குத் தெரிஞ்சு போர்டு வெச்சிருக்கறா. கூடப் பொறந்தவ நானு பால் வாங்கப் போயி ரோட்டுல பாத்துத் தெரிஞ்சுக்கறனே... தெனமும் காத்தால எங்க வூட்டு வழியா வண்டிய மெதுவா ஓட்டீட்டுப் போவியே... கொடியில கெடக்கற துணிய எண்ணீட்டுப் போவியே... சன்னலுக்குப் பின்னால நின்னு பாப்பனே... இனி ஆரப் பாப்பேன் நானு..."

காற்றுக்காகத்தான் அந்த வழி என்று மேலே எழுதியிருக்கிறேன்.

"பத்திரிக அடிக்கறதுக்கு மிந்தி உன்ற கையிலதான குடுத்தேன்... ஒரெழுத்து வுடாமப் பாத்துக் குடுண்ணான்னு... என்ற படிப்புக்குக் கல்யாணப் பத்திரிக திருத்தறதான்னு மடிச்சு வெச்சயே... பாக்காமயே நல்லாருக்குதுன்னு குடுத்தனுப்புனயே..."

கூட்டத்தில் யாரோ "ச்சொ" என்றார்கள். இதற்கு என் தரப்பில் விளக்கம் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

"முகூர்த்தம் முடிஞ்சுது... பந்தி முடிஞ்சுது... மண்டபத்துக்காரன் வெளக்க அணைக்க வந்தான்... அணைச்சுப் போடாதீங்கடா, எங்கண்ணன் வருவான், இருட்டுல வந்து நின்னா ஆருமில்லயேன்னு போயிருவான்னு, நானு வாசல்லயே நின்னனே அண்ணா..."

அந்த இடத்தில் எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. சம்பங்கி வாசனை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வெளியே வண்டிச் சத்தம். "ஐஸ் பொட்டி வந்துருச்சு, தூக்குங்கப்பா" என்றார் பழனிவேலு. இரண்டு பேர் என் கால்மாட்டுக்கு வந்தார்கள். பொன்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கதறினாள்.

"எங்க வம்சத்துலயே டெல்லிக்குப் போயி எம்.ஏ. படிச்ச மகராசாவே..."

"எம்.ஃபில்." என்றேன்.

அப்படியோர் அமைதி எந்தக் கவிதைக் கூட்டத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு கூடம் காலியானது. அறவாழி ஒற்றைச் செருப்போடு சாமியானாவின் கயிற்றைத் தாண்டினான். துறைத்தலைவர்கள் அவ்வளவு உயரம் தாண்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐஸ் பெட்டிக்காரர் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்க்குழாயை எனக்கே விட்டுத்தருவதாக முருகன்மேல் சத்தியம் செய்தார்.

பொன்மணி மட்டும் ஓடவில்லை. என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். என் கழுத்திலிருந்த மாலையை உருவி அதனாலேயே என்னை அடிக்கத் தொடங்கினாள்.

"உசுரு வந்ததும் மொதப் பேச்சே படிப்புதானாடா உனக்கு? ஆ? எந்திரி! எந்திரிடா!"

"எப்படி எந்திரிக்கிறது? உன் வீட்டுக்காரர் காலைக் கட்டி வைத்திருக்கிறார்!"

பழனிவேலு அப்போதும் அசையவில்லை. கையில் மிச்சத் துணியோடு நின்று, "அப்ப, ஐஸ் பொட்டிய என்ன பண்றதுங் மச்சான்?" என்றார்.

எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிரிப்பு. முதலில் எனக்கு வந்தது. அடித்துக்கொண்டிருந்தவளுக்கும் வந்துவிட்டது. அவள் சிரிக்கும்போது குறட்டை விடுவதுபோல் ஒரு சத்தம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதைக் கேட்டு எனக்கு இன்னும் தாங்கவில்லை. பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தேன்.

அந்த நேரத்தில்தான் சுலோச்சனா இரண்டு கேசரிப் பாத்திரங்களோடு உள்ளே வந்தாள். தரையெல்லாம் மாலை. கால்கட்டோடு நான். என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு பொன்மணி. வாசலில் ஐஸ் பெட்டி. எதையும் அவள் கேட்கவில்லை.

"அப்பாடா" என்றாள். "பேசிக்கிட்டீங்களா?"

ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சாவுக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுத்தானே சாப்பிட வேண்டும், ஆள் சாகவில்லை என்றால் குளிக்க வேண்டுமா வேண்டாமா என்று வாசலில் பெரிய விவாதம் நடந்தது. ஐஸ் பெட்டியைத் தொட்டவர்கள் மட்டும் குளித்தால் போதும் என்று பழனிவேலு தீர்ப்புச் சொன்னார். பத்து மணிக்கு எல்லா நாற்காலியும் நிறைந்துவிட்டது. சாமியானாவுக்கு வெளியே வெயிலில் ஆட்கள் நின்றார்கள். எல்வீராவைப் பார்க்க வேண்டும் என்று சில பெண்கள் முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள்.

எழுதிவைத்த உரையை எடுத்தேன். முன்வரிசையில் அறவாழி ஒற்றைக் காலில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எட்டுப் பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் வாசித்தேன். சாவு வந்து உட்கார்ந்து காப்பி கேட்ட இடத்தில் ஊரே சிரித்தது. ஐஸ் பெட்டிக்காரர்தான் அதிகம் சிரித்தார். அவருக்குத் தொழில் அனுபவம்.

தலைப்புக் கவிதை வந்தது. புத்தகத்தில் இருப்பதை வாசிக்கத்தான் வாயைத் திறந்தேன். எதிரில் பொன்மணி, கையில் கேசரித் தட்டோடு, அழுத கண்ணோடு.

"வெளக்க அணைச்சுப் போடாதீங்க" என்று வந்துவிட்டது.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 24, திங்கள்

தூங்கிவிட்டேன். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 27, வியாழன்

நடந்ததையெல்லாம் எழுதி, பிளக்ஸின் படத்தையும் வைத்து ரோசாவுக்கு அனுப்பியிருந்தேன். எல்வீராவின் பதில் வந்தது. பாதிப் பதிவு வரை வெறும் சிரிப்பு. கிளியும் சேர்ந்து இருமுகிறது.

"கரூரில் எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது! அந்தப் பதாகையை எனக்கு அனுப்புங்கள், வாசலில் மாட்ட வேண்டும். ஐம்பது வருடம் சாவைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஒருவரைக்கூட அதிலிருந்து எழுப்பியதில்லை. நீங்கள் ஒரே சொல்லில் எழுந்துவிட்டீர்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? ரோசா அகராதியில் தேடுகிறாள்."

அடுத்த பதிப்பில் முதல் வரியை மாற்றுகிறேன் என்று தெரிவித்தேன். ஓசைக்காக. ஞாயிற்றுக்கிழமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

குப்புராசு நேரில் வந்தார். காலில் விழப் போனவரைத் தடுத்தேன். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் கவிதயப் பாத்துட்டு எல்லாரும் அதையே கேக்கறாங்க சார். நேத்து வாங்கல் ஊருல ஒரு பெரியவரு தவறிட்டாரு. அவருக்குப் போட்டுட்டனுங். இன்னிக்கு ரெண்டு பேரு கேட்டுருக்கறாங்க. போட்டுக்கலாமுங்களா?"

"மொழிபெயர்ப்பாளர் பெயர் போட்டீர்களா?"

"உங்க பேரப் போட்டா, செத்தது ஆருன்னு கொழப்பமாயிருதுங்களே சார்."

அதுவும் சரிதான். கரூர் மாவட்டத்தில் இன்று மிக அதிகம் பேர் நின்று படிக்கும் கவிஞர் எல்வீரா சொலோர்சானோ. அறவாழியின் கவிதையை எந்தச் சாவுக்கும் யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

தாரணியின் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தப் போகிறார்கள். தாரணிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. ஆகவே குழந்தையை என் மடியில்தான் வைத்துக் குத்த வேண்டுமாம். குழந்தை என்னைப் பார்த்தால் அழுகிறது. கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தேன். என்னைப்போல அதற்கும் உள்ளங்காலில் கூச்சம்.

காலையில் பழனிவேலு பத்திரிகையின் புரூஃபைக் கொண்டுவந்தார். "மச்சான், ஒரெழுத்து வுடாம நீங்களே பாத்துக் குடுத்துருங்க. அப்பறம் என்னயக் கேக்கக் கூடாது" என்றார். சாயங்காலம் அச்சுக்குப் போகிறதாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்புப் பேனாவோடு பெஞ்சில் சாய்ந்துகொண்டேன். மூன்று சந்திப் பிழை. ஒரு காற்புள்ளி. தட்டச்சு உயர்நிலை இந்த முறையும் வந்திருக்கிறார். இருக்கட்டும்.

கடைசியில் என் பெயர். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று பொன்மணியே எழுதிக் கொடுத்தாளாம். மற்ற எல்லோருடைய பெயரையும்விடப் பெரிய எழுத்தில்:

முனைவர் அ. நல்லசிவம், எம்.ஏ., எம்.ஃபில்.

நான் முனைவர் இல்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். பொய்யை அச்சில் விடக் கூடாது. ஒரே ஒரு சொல்லை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பேனாவைத் திறந்தேன். அறவாழி வீட்டுக்கும் ஒரு பத்திரிகை போகிறது என்று சுலோச்சனா சொன்னது ஞாபகம் வந்தது.

நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். நல்ல காற்று வருகிறது. கண்ணைச் சுழற்றுகிறது.